வீடும் உரிமையும்: இலண்டன் கப்பல்துறை மக்களின் குடியிருப்பு வரலாறு

ஒரு மக்கட் பிரிவினர் எங்கே குடியிருக்கின்றனர், எத்தகைய கூரையின்கீழ் வாழ்கின்றனர், அங்கிருந்து அவர்களை வெளியேற்றும் அதிகாரம் யாரிடத்தில் உள்ளது என்னும் மூன்று வினாக்களுக்கு விடை கண்டுவிட்டால், அம்மக்களைச் சமுதாயம் எந்தப் படியில் நிறுத்தியிருக்கிறது என்பது தானே விளங்கிவிடும். நம் நாட்டில் ஊர் என்றும் சேரி என்றும் நிலத்தில் கோடு கிழித்தது சாதி. இங்கிலாந்தில் அக்கோட்டைக் கிழித்தவை செல்வமும் நிறமும். கோடு எதுவாயினும் அதன் கீழ்ப்புறத்தில் நிற்போர்க்குக் கிடைப்பவை பெரும்பாலும் ஒன்றே: நீர் தேங்கும் தாழ்நிலம், மூச்சு முட்டும் நெருக்கடி, எந்நேரத்திலும் காலி செய்யச் சொல்லக்கூடிய கட்டளை.

இலண்டன் மாநகரின் கிழக்கே, தேம்ஸ் ஆறு பெரிய வளைவாக வளைந்து செல்லும் இடத்தில் பாப்ளர் என்னும் வட்டாரம் உள்ளது. அதன் தென்பகுதி மூன்று புறமும் ஆறு சூழ்ந்த நிலம். ஐல் ஆவ் டாக்ஸ் என்று பெயர். அங்குள்ளோர் சுருக்கமாகத் 'தீவு' என்பர். இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக இவ்வட்டாரத்தில் உழைக்கும் மக்கள் வீட்டுக்காகப் பட்ட பாடு, இன்று உலகில் எந்த ஏழைச் சமுதாயத்துக்கும் பாடமாக அமையத்தக்கது. அவர்களுக்கு வீடு கிடைத்த காலமும் உண்டு. கிடைத்த வீடு கைநழுவிய காலமும் உண்டு. இரண்டும் தற்செயலாக நிகழ்ந்தவை அல்ல. இரண்டிற்கும் காரணங்கள் இருந்தன. அக்காரணங்களை நம் சமுதாய இளைஞர்கள் அறிந்துகொள்ள வேண்டும் என்னும் எண்ணத்தினாலேயே வெள்ளி விழா மலரில் இக்கட்டுரை இடம்பெறுகிறது.

சர்க்கரை கட்டிய சுவர்

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதிவரை தீவு ஆளரவம் குறைந்த சதுப்பு நிலமாகவும் மேய்ச்சல் நிலமாகவும் இருந்தது. 1802-ஆம் ஆண்டில் அங்கே மேற்கிந்தியக் கப்பல்துறை திறக்கப்பட்டது. மேற்கிந்தியத் தீவுகளில் ஆப்பிரிக்க அடிமைகளைக் கொண்டு விளைவித்த கரும்பின் சர்க்கரையும், அதிலிருந்து வடித்த ரம்மும் வந்திறங்குவதற்காகவே அது வெட்டப்பட்டது. அதனை முன்னின்று அமைத்த இராபர்ட் மில்லிகன் என்பவர் தாமே அடிமைகளை உடைமையாகக் கொண்ட வணிகர். அக்கப்பல்துறையின் முன்னே நின்ற அவரது சிலை 2020-ஆம் ஆண்டு சூன் மாதத்தில் அகற்றப்பட்டது.

1806-இல் அருகிலேயே கிழக்கிந்தியக் கப்பல்துறை திறக்கப்பட்டது. தேயிலையும் நறுமணப் பொருள்களும் நம் நாட்டுத் துணியும் சுமந்த கப்பல்களுக்கு உரிய துறை அது. 1868-இல் மில்வால் கப்பல்துறையும் சேர்ந்தது. சரக்குத் திருட்டைத் தடுப்பதற்காகத் துறைகளைச் சுற்றிக் கோட்டை மதில் போன்ற உயர்ந்த சுவர்கள் எழுப்பப்பட்டன. சுவருக்கு உள்ளே உலகத்தின் செல்வம் குவிந்தது. அதனைத் தோளில் சுமந்து இறக்கியவர்கள் சுவருக்கு வெளியே குடியேறினர்.

வில்லியம் கியூபிட் என்னும் கட்டடத் தொழில் முதலாளி 1840-களிலிருந்து தீவின் தென்கிழக்குக் கரையில் தொழிற்கூடங்களையும் தொழிலாளர் வீடுகளையும் கட்டினார். அப்பகுதி இன்றும் கியூபிட் டவுன் என்றே வழங்குகிறது. ஆனால் வட்டாரத்தின் பெரும்பாலான வீடுகள் இலாபத்துக்கென்று அவசரமாக எழுப்பப்பட்டவை. ஈர நிலத்தில் நின்ற அவற்றின் சுவர்களில் ஈரம் ஏறிக்கொண்டேயிருந்தது.

அன்றாடக் கூலியும் ஒண்டுக் குடித்தனமும்

கப்பல்துறை வேலை அன்றாடக் கூலி வேலை. விடியற்காலையில் துறை வாயிலில் கூட்டம் கூடும். மேஸ்திரி வந்து நின்று, வேண்டிய ஆட்களை மட்டும் கைகாட்டி அழைப்பார். கப்பல் பல வந்த நாளில் பலருக்கு வேலை. காற்று மாறிக் கப்பல் வராத நாளில் பட்டினி. அழைக்கப்பட்டவருக்கும் சில நாள்களில் இரண்டொரு மணி நேர வேலையே கிடைத்தது.

இம்முறைக்கும் வீட்டு நெருக்கடிக்கும் நேரான தொடர்பு உண்டு. நாள்தோறும் வாயிலில் நின்றாக வேண்டியவன் துறைக்கு அருகிலேயே குடியிருந்தாக வேண்டும். தொலைவில் குறைந்த வாடகைக்கு நல்ல வீடு கிடைத்தாலும் அங்கே போக இயலாது. இதனை வீட்டு உடைமையாளர்கள் நன்கு அறிந்திருந்தனர். எனவே துறையை ஒட்டிய தெருக்களில் வாடகை ஏறியது. ஒரு குடும்பத்துக்கென்று கட்டிய வீட்டில் இரண்டு மூன்று குடும்பங்கள் ஒண்டுக் குடித்தனம் நடத்தின. கூலி நிலையற்றது, வாடகையோ வாரந்தோறும் தவறாமல் கட்ட வேண்டுவது. இடைவெளியை அடகுக் கடை நிரப்பியது.

1889-இல் இரண்டு நிகழ்ச்சிகள் இந்நிலையை உலகறியச் செய்தன. சார்லஸ் பூத் என்னும் ஆய்வாளர் தெருத் தெருவாகத் தகவல் திரட்டி, கிழக்கு இலண்டனில் நூற்றுக்கு 35 பேர் வறுமையில் உழல்கின்றனர் என்று அச்சிட்டு வெளியிட்டார். அதே ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் துறைத் தொழிலாளர்கள் பென் டில்லட், டாம் மான், ஜான் பர்ன்ஸ் ஆகியோர் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தனர். மணிக்கு ஆறு பென்னி கூலி என்பதே அவர்களுடைய முதற் கோரிக்கை. ஏறத்தாழ ஐந்து வாரங்களுக்குப் பின் வெற்றி கிட்டியது. ஆயினும் வாயிலில் நின்று அழைப்புக்குக் காத்திருக்கும் முறை 1967-ஆம் ஆண்டுவரை முற்றிலும் ஒழியவில்லை. அதுவரை துறையருகே நெருங்கி வாழும் கட்டாயமும் ஒழியவில்லை.

நம் நாட்டார் கிடந்த கூடங்கள்

இவ்வேழைகளுக்கும் கீழே இன்னும் ஒரு பிரிவினர் இருந்தனர். வங்காளம், குஜராத், கொங்கணக் கரை முதலிய இடங்களிலிருந்து கப்பல்களில் வேலைக்கு அமர்த்தப்பட்ட லஸ்கர் என்னும் இந்திய மாலுமிகளே அவர்கள். இலண்டனில் சரக்கு இறங்கியதும் இவர்களும் இறக்கிவிடப்பட்டனர். திரும்பிச் செல்லும் கப்பல் கிடைக்கும்வரை கூடங்களில் நெருக்கி அடைக்கப்பட்டனர். குளிருக்கு உடையின்றியும் நோய்க்கு மருந்தின்றியும் மாண்டவர் பலர்.

1857-இல் ஆசியர், ஆப்பிரிக்கர், தென்கடல் தீவினர் ஆகியோர்க்கான அயலார் இல்லம் ஒன்று மேற்கிந்தியக் கப்பல்துறைச் சாலையில் திறக்கப்பட்டது. அதற்குப் பொருளுதவி செய்தவர்களுள் பஞ்சாபின் அரியணையை இழந்து இங்கிலாந்தில் வாழ்ந்த துலீப் சிங்கும் ஒருவர். பின்னர் லைம்ஹவுஸ் பகுதியின் இரண்டொரு தெருக்களில் சீன மாலுமிகள் விடுதிகளும் கடைகளும் அமைத்துக்கொண்டனர். இம்மக்கள் அத்தெருக்களை விரும்பித் தேர்ந்தனர் என்று கருதுவது பிழை. வேறு தெருக்கள் அவர்களுக்கு மூடப்பட்டிருந்தன. வெள்ளைத் தொழிலாளி ஏழையாயினும் அவன் பெயர் வாடகை ஏட்டில் இருந்தது. லஸ்கரின் பெயர் கப்பல் ஏட்டில் மட்டுமே இருந்தது. கப்பல் போய்விட்டால் அவனுக்கு ஊரும் இல்லை, வீடும் இல்லை.

நகர்மன்றம் தொழிலாளர் கைக்கு வந்தது

1890-இல் உழைக்கும் மக்கள் வீட்டுச் சட்டம் நிறைவேறியது. நலக்கேடான குடியிருப்புகளை இடித்து, புதிய வீடுகள் கட்ட உள்ளாட்சி மன்றங்களுக்கு அது அதிகாரம் தந்தது. அச்சட்டத்தின் வழி இலண்டன் கவுண்டி கவுன்சில், கிழக்கு இலண்டனின் வேறொரு பகுதியில் ஒரு பெரிய சேரியை இடித்து, பவுண்டரி எஸ்டேட் என்னும் அழகிய குடியிருப்பை 1900-இல் திறந்தது. ஆயினும் இடிக்கப்பட்ட இடத்தில் வாழ்ந்த 5,719 பேரில் புதிய வீடு பெற்றவர்கள் 11 பேர் மட்டுமே. வாடகை அவர்களுக்கு எட்டவில்லை. ஏனையோர் அடுத்த தெருக்களுக்குச் சென்று அங்கே நெருக்கடியைக் கூட்டினர். சேரி ஒழிந்தது என்றனர். சேரி இடம் மாறியது என்பதே உண்மை.

முதல் உலகப் போருக்குப் பின்னரே காற்று திரும்பியது. 1918-ஆம் ஆண்டுச் சட்டம் வாக்குரிமையை ஏழை ஆண்களுக்கும், முப்பது வயது கடந்த பெண்களில் பெரும்பாலோர்க்கும் விரித்தது. 1919-இல் நடந்த தேர்தலில் பாப்ளர் நகர்மன்றத்தின் 42 இடங்களில் 39 இடங்களைத் தொழிற்கட்சி வென்றது. ஜார்ஜ் லான்ஸ்பரி மேயரானார். துறைத் தொழிலாளி, இரயில்வே ஊழியர், பள்ளி ஆசிரியை, இல்லத்தரசி ஆகியோர் மன்ற உறுப்பினர்களாக அமர்ந்தனர். அதே 1919-இல் நகர்மன்றங்கள் அரசு மானியத்துடன் வீடு கட்ட வழிசெய்யும் அடிசன் சட்டமும் வந்தது. தீவில் சேப்பல் ஹவுஸ் தெருக் குடியிருப்பு எழுந்தது. தோட்டத்துடன் கூடிய சிறு வீடுகள் அவை. கப்பல்துறைத் தொழிலாளியின் குழந்தைக்கு முற்றம் என்று ஒன்று அப்பொழுதுதான் கிடைத்தது.

வீடு கட்டவும், வேலையற்றோர்க்கு உதவி தரவும், ஆணுக்கும் பெண்ணுக்கும் வாரம் நான்கு பவுண்டு என்று சமமாகக் குறைந்தபட்சக் கூலி வழங்கவும் மன்றத்துக்குப் பணம் வேண்டியிருந்தது. பணம் வரவேண்டியது சொத்து வரியிலிருந்து. இங்கேதான் அநீதி மறைந்திருந்தது. சொத்து மதிப்பில் பவுண்டுக்கு ஒரு பென்னி வரி விதித்தால் செல்வர் வாழும் வெஸ்ட்மின்ஸ்டரில் 31,000 பவுண்டுக்கு மேல் கிடைத்தது. அதே வரி பாப்ளரில் 3,600 பவுண்டளவே தந்தது. ஆனால் ஏழைகள் மிகுதியாக இருந்தது பாப்ளரில். அவர்களைக் காக்கும் செலவை அந்தந்தப் பகுதியே ஏற்க வேண்டும் என்பது விதி. ஏழை ஏழையைத் தாங்க வேண்டும், செல்வன் செல்வனுக்கே சாலை போட்டுக்கொள்வான் என்பது இதன் பொருள்.

1921-இல் பாப்ளர் மன்றம் இதனை எதிர்த்தது. இலண்டன் கவுண்டி கவுன்சிலுக்கும் பிற பெருநகர அமைப்புகளுக்கும் செலுத்த வேண்டிய தொகையை நிறுத்தியது. வழக்குத் தொடரப்பட்டது. சட்டத்தை மீறுவதைவிட ஏழை மக்களை ஏமாற்றுவது கொடிது என்று உறுப்பினர்கள் முடிவு செய்தனர். செப்டம்பர் மாதத்தில் ஐந்து பெண்கள் உட்பட 30 உறுப்பினர்கள் சிறை சென்றனர். ஆண்கள் பிரிக்ஸ்டன் சிறையிலும் பெண்கள் ஹாலோவே சிறையிலும் அடைக்கப்பட்டனர். நெல்லி கிரெசால் என்னும் உறுப்பினர் அப்பொழுது கருவுற்றிருந்தார். சிறைக்குள்ளேயே மன்றக் கூட்டங்கள் நடந்தன. பெண் உறுப்பினர்கள் ஊர்தியில் அழைத்துவரப்பட்டு அக்கூட்டங்களில் கலந்துகொண்டனர். ஆறு வாரங்களுக்குப் பின், அக்டோபர் 12 அன்று உறுப்பினர்கள் விடுதலை பெற்றனர். ஏழைகளைக் காக்கும் செலவை இலண்டன் முழுவதும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று அவ்வாண்டே சட்டம் இயற்றப்பட்டது. அவர்களுள் சிறப்பாகப் பேசப்படும் தியாகம் மின்னி லான்ஸ்பரியுடையது. ஆசிரியையாகவும் மன்ற உறுப்பினராகவும் விளங்கிச் சிறை சென்று மீண்ட அவர், நுரையீரல் நோய்க்கு ஆளாகி, 1922-ஆம் ஆண்டின் முதல் நாளில் 32-ஆம் வயதில் மறைந்தார்.

இதே காலத்தில் இதே இலண்டன் மாநகரில், வடமேற்கே கிங் ஹென்றி சாலையில் தங்கி நம் அண்ணல் அம்பேத்கர் பயின்றுகொண்டிருந்தார். இலண்டன் பொருளாதாரப் பள்ளி 1921-இல் அவருக்கு எம்.எஸ்சி. பட்டம் வழங்கியது. அப்பட்டத்துக்கு அவர் எழுதிய ஆய்வு, பிரிட்டிஷ் இந்தியாவில் மத்திய அரசின் நிதியை மாகாணங்களுக்குப் பகிர்ந்தளித்தது பற்றியது. வரியை யார் தருகின்றனர், யார் வசூலிக்கின்றனர், யாருக்காகச் செலவிடுகின்றனர் என்னும் வினாவே பாப்ளர் போராட்டத்தின் உயிர். அண்ணலின் ஆய்வும் அந்நிதித் துறையையே சார்ந்தது. ஒடுக்கப்பட்டோர் விடுதலைக்கு வரவு செலவுக் கணக்கு அறிவும் ஓர் ஆயுதம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

குண்டு வீச்சும் புதுக் குடியிருப்பும்

1940 செப்டம்பர் 7 அன்று மாலை செருமானிய விமானங்கள் கப்பல்துறைகளின் மீது குண்டு மாரி பொழிந்தன. சர்க்கரை, மரம், ரம் ஆகியவை நிறைந்த கிடங்குகள் எரிந்த ஒளி இரவைப் பகலாக்கியது. இலண்டனில் அவ்வொரு நாளில் நானூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அன்று தொடங்கி 57 இரவுகள் இடைவிடாது இலண்டன் தாக்கப்பட்டது. துறையருகே வாழும் கட்டாயத்தினால் ஏழைகளே முதலில் அழிந்தனர்.

போர் முடிந்ததும் பத்தாண்டு நிற்கும் என்று சொல்லித் தொழிற்கூடங்களில் செய்த தற்காலிக வீடுகள் கொண்டுவந்து பொருத்தப்பட்டன. பின்னர் நிலையான குடியிருப்புகள் எழுந்தன. 1951-இல் நடைபெற்ற பிரிட்டன் விழாவின் ஒரு பகுதியாக, பாப்ளரில் புதிய குடியிருப்பு ஒன்று மக்கள் வந்து காணும் கண்காட்சியாகவே அமைக்கப்பட்டது. வீடு, பள்ளி, வழிபாட்டிடம், முதியோர் இல்லம், கடைத்தெரு ஆகிய அனைத்தும் ஒருங்கே திட்டமிடப்பட்டன. அதன் கிறிஸ்ப் தெருச் சந்தையை ஃபிரெடரிக் கிப்பர்ட் வடிவமைத்தார். முப்பது ஆண்டுகளுக்கு முன் சிறை சென்ற ஜார்ஜ் லான்ஸ்பரியின் பெயரே அக்குடியிருப்புக்குச் சூட்டப்பட்டது. குழாய் நீரும் குளியலறையும் சமையலறையும் தனித்தனியே உள்ள வீடு தங்கள் உரிமை என்று துறைத் தொழிலாளர் குடும்பங்கள் எண்ணத் தொடங்கியது இக்காலத்திலேயே.

வானளாவிய வீடுகள்

1965-இல் பாப்ளர், ஸ்டெப்னி, பெத்னல் கிரீன் ஆகிய மூன்று பரோக்களும் இணைந்து டவர் ஹாம்லெட்ஸ் என்னும் ஒரே பரோ ஆயின. அக்காலத்தில் குறைந்த நிலத்தில் விரைந்து வீடு கட்ட வேண்டும் என்ற நெருக்கடியால் உயர்ந்த அடுக்குமாடிகள் எழுந்தன. எர்னோ கோல்ட்ஃபிங்கர் வடிவமைத்த பால்ஃப்ரான் டவர் 1967-இல் முடிவுற்றது. ஸ்மித்சன் தம்பதியர் வடிவமைத்த இராபின் ஹுட் கார்டன்ஸ் 1972-இல் முடிவுற்றது.

அடுக்குமாடி எல்லாம் தீமை என்று கூறுவது பொருந்தாது. ஒண்டுக் குடித்தனத்திலிருந்து வந்தவர்க்கு வெளிச்சமும் காற்றும் வெந்நீரும் உள்ள வீடு பெரும் பேறாகவே தோன்றியது. ஆனால் அவசரமும் சிக்கனமும் கூடிய இடத்தில் ஆபத்தும் கூடியது. அண்டையிலுள்ள கேனிங் டவுனில் தொழிற்கூடத்தில் வார்த்த பலகைகளைப் பொருத்தி எழுப்பிய 22 மாடிக் கட்டடமான ரோனன் பாயிண்டில், 1968 மே 16 அன்று காலை 18-ஆம் மாடியில் எரிவாயு வெடித்தது. கட்டடத்தின் ஒரு மூலை முழுவதும் மேலிருந்து கீழாகச் சரிந்தது. நான்கு பேர் மாண்டனர். அக்கட்டடத்தில் மக்கள் குடியேறி இரண்டு மாதங்களே ஆகியிருந்தன. ஏழைக்குத் தானே என்று கட்டும் வீட்டின் தரத்தை யார் சோதிப்பது என்னும் வினா அன்று எழுந்தது.

வீடு மட்டும் போதாது என்பதையும் தீவு மக்கள் உணர்ந்திருந்தனர். பேருந்து வசதியும் பள்ளியும் மருத்துவமனையும் குறைவாக இருந்தமையால், 1970 மார்ச் 1 அன்று அவர்கள் பாலங்களில் போக்குவரத்தைத் தடுத்து, தீவு தனி நாடு என்று அறிவித்தனர். டெட் ஜான்ஸ் என்பார் அதிபராக அறிவிக்கப்பட்டார். நாடு சிரித்தது, ஆனால் செய்தித்தாள்கள் எழுதின, அதிகாரிகளின் செவியில் கோரிக்கை விழுந்தது.

கப்பல் போயிற்று, கழகம் வந்தது

இதற்குள் வேறொரு மாற்றம் நிகழ்ந்துவிட்டது. சரக்குகளைப் பெரிய இரும்புப் பெட்டிகளில் அடைத்து ஏற்றும் கொள்கலன் முறை பரவியது. அத்தகைய கப்பல்கள் பழைய துறைகளுக்குள் நுழைய இயலவில்லை. அவை ஆற்றின் முகத்துவாரத்துக்கு அருகிலுள்ள டில்பரிக்குச் சென்றன. 1967-இல் கிழக்கிந்தியத் துறையும், 1980-இல் மேற்கிந்திய, மில்வால் துறைகளும், 1981-இல் ராயல் துறைகளும் மூடப்பட்டன. துறையை நம்பி வந்த மக்கள் எஞ்சினர், துறை போய்விட்டது. நூற்றாண்டுக்கு மேலாக எவரும் விரும்பாத அந்நிலம் திடீரென்று பொன்னாயிற்று.

1981-இல் மார்கரெட் தாட்சர் அரசு இலண்டன் டாக்லாண்ட்ஸ் வளர்ச்சிக் கழகத்தை அமைத்தது. அதன் குழுவினரை மக்கள் தேர்ந்தெடுக்கவில்லை, அமைச்சர் நியமித்தார். நகர்மன்றங்களிடமிருந்த கட்டட அனுமதி அதிகாரம் கழகத்துக்கு மாற்றப்பட்டது. பொது நிலங்கள் பலவும் கழகத்தின் கைக்குச் சென்றன. அப்பொழுது அப்பகுதியின் வீடுகளில் ஐந்தில் நான்குக்கு மேல் நகர்மன்ற வீடுகளே. சொந்த வீடுடையோர் நூற்றுக்கு ஐந்து பேரளவே. 1998-இல் கழகம் கலைக்கப்படுவதற்குள் சுமார் 24,000 புதிய வீடுகள் எழுந்தன. அவற்றில் மிகப் பெரும்பகுதி விற்பனைக்குக் கட்டியவை. துறைத் தொழிலாளியின் மகனால் வாங்க இயலாத விலை.

மறுபுறம் 1980-ஆம் ஆண்டின் வீட்டுச் சட்டம் நகர்மன்ற வீட்டில் குடியிருப்போர் அவ்வீட்டைத் தள்ளுபடி விலையில் வாங்கிக்கொள்ளலாம் என்றது. வாங்கிய குடும்பம் மகிழ்ந்தது. அதனைக் குறை சொல்ல இயலாது. ஆனால் விற்ற பணம் முழுவதையும் புதிய வீடு கட்டச் செலவிட மன்றங்களுக்கு அனுமதி இல்லை. ஒரு தலைமுறை வாங்கியது. அடுத்த தலைமுறைக்கு வாடகைக்கும் வீடு இல்லாமற் போயிற்று.

மக்கள் வாளாவிருக்கவில்லை. 1983-இல் ராயல் துறைப் பகுதிக்கென்று தாங்களே ஒரு மக்கள் திட்டம் வகுத்து அச்சிட்டனர். 1984-இல் படகுகளில் ஏறித் தேம்ஸ் வழியே நாடாளுமன்றத்துக்கு ஊர்வலமாகச் சென்றனர். தீவில் சில குடும்பங்கள் தமக்குள் சங்கம் அமைத்து, மக்கானோச்சீஸ் வார்ஃப் என்னும் ஆற்றங்கரை இடத்தில் தம் கைகளாலேயே வீடு கட்டிக்கொண்டன. தச்சர் மரவேலை செய்ய, கொத்தர் சுவர் எழுப்ப, ஒருவர் உழைப்பை மற்றவர் பகிர்ந்துகொண்டனர். லைம்ஹவுஸ் சுரங்கச் சாலைக்காக நூற்றுக்கணக்கான நகர்மன்ற வீடுகள் இடிக்கப்பட்டபோது, மாற்று வீடு பெற்றே மக்கள் நகர்ந்தனர். ஆனால் பெருவெள்ளத்தை இவற்றால் தடுக்க இயலவில்லை. மேற்கிந்தியக் கப்பல்துறையின் மீது 1991-இல் 235 மீட்டர் உயரமுள்ள கேனரி வார்ஃப் கோபுரம் எழுந்தது. சர்க்கரை வணிகர் நின்ற இடத்தில் வங்கிகள் வந்து நின்றன. சுவர் இல்லை, ஆயினும் உள்ளே, வெளியே என்னும் பிரிவு நீங்கவில்லை.

"எங்கள் பிள்ளைகளுக்கே முதலில்"

இவ்வரலாற்றின் மிகக் கசப்பான பகுதி இனி வருகிறது. லஸ்கர்களின் வழியினராகிய வங்காளதேச மக்கள், பெரும்பாலும் சில்ஹெட் மாவட்டத்தார், டவர் ஹாம்லெட்ஸில் பெருகினர். நகர்மன்ற வீடு கேட்டு விண்ணப்பித்த அவர்களுக்குப் பழுதடைந்த குடியிருப்புகளே ஒதுக்கப்பட்டன. 1976-இல் அவர்கள் வங்காளி வீட்டு நடவடிக்கைக் குழுவை அமைத்து, காலியாகக் கிடந்த கட்டடங்களில் குடியேறிப் போராடினர்.

1980-களின் பிற்பகுதியில் வீடுகள் அருகிய வேளையில், தீவில் உள்ளூர்க் குடும்பங்களின் மகன், மகள்களுக்கு வீடு ஒதுக்குவதில் முன்னுரிமை தரும் முறை கொண்டுவரப்பட்டது. கேட்பதற்கு நியாயமாகவே ஒலிக்கும். ஆனால் பல தலைமுறையாக அங்கே வாழ்ந்தவர் வெள்ளையரே ஆதலால், புதிதாக வந்தோர்க்குக் கதவடைப்பதே அதன் விளைவு. நகர்மன்றம் வீடற்றோரை நடத்திய விதத்தில் இனப் பாகுபாடு உண்டு என்று இன சமத்துவ ஆணையம் 1988-இல் அறிக்கை வெளியிட்டது.

கேனரி வார்ஃபின் நிழலில், அக்கோபுரத்தின் செல்வத்தில் ஒரு துளியும் பெறாத இரண்டு ஏழைக் கூட்டத்தினர், எஞ்சிய சில வீடுகளுக்காக ஒருவரையொருவர் பகைத்தனர். 1993 செப்டம்பரில் மில்வால் வட்டத்தில் நடந்த இடைத்தேர்தலில் இனவெறிக் கட்சியான பிரிட்டிஷ் தேசியக் கட்சியின் வேட்பாளர் ஏழே வாக்குகளில் வென்றார். நிலத்தை எடுத்துக்கொண்டவர் மேல் எழ வேண்டிய சினம், அடுத்த வீட்டுக்காரன் மேல் திரும்பிவிட்டது.

எட்டு மாதங்களில் நிலைமை மாறியது. தொழிற்சங்கத்தாரும் சமயத் தொண்டரும் வங்காளி இளைஞரும் வீடு வீடாகச் சென்று வாக்காளர் பட்டியலைச் சரிபார்த்தனர். அஞ்சி வீட்டுக்குள் இருந்தவர்களை வாக்குச் சாவடிக்கு அழைத்து வந்தனர். 1994 மே மாதத் தேர்தலில் அக்கட்சி தோற்றது. இங்கே ஒன்று கவனிக்கத்தக்கது. இனவெறியாளர் பெற்ற வாக்குகள் குறையவில்லை. முன்னிலும் கூடியே இருந்தன. முன்பு வாக்களிக்காதிருந்தோர் திரண்டு வந்ததனாலேயே அவர் வீழ்ந்தார்.

இன்றைய பாப்ளர்

2021-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இங்கிலாந்திலேயே மக்கள் நெருக்கம் மிகுந்த பகுதி டவர் ஹாம்லெட்ஸ். சதுர கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 15,700 பேர். நகர்மன்ற வீட்டுக்குக் காத்திருக்கும் பட்டியலில் பல்லாயிரம் குடும்பங்கள் உள்ளன. பால்ஃப்ரான் டவர் 2007-இல் வீட்டுவசதிச் சங்கம் ஒன்றுக்கு மாற்றப்பட்டது. புதுப்பிக்கும் பொருட்டுக் குடியிருந்தோர் வெளியேற்றப்பட்டனர். பின்னர் வீடுகள் தனியாருக்கு விற்பனைக்கு வந்தன. இராபின் ஹுட் கார்டன்ஸ் 2017-இல் இடிக்கத் தொடங்கப்பட்டது. அதன் ஒரு துண்டை அருங்காட்சியகம் வாங்கிப் பாதுகாத்தது. ஏழைகள் வாழ்ந்த சுவர் அருங்காட்சியகத்தில் இடம்பெற்றது. அங்கே வாழ்ந்தோர்க்கு இடம் கிடைத்ததா என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

நாம் கொள்ள வேண்டிய பாடம்

முதலாவது, வீடு யாருடைய கருணையினாலும் வருவதன்று. பாப்ளர் மக்களுக்கு வீடு வந்தது, அவர்களுள் ஒருவர் மன்ற நாற்காலியில் அமர்ந்து வரவு செலவுத் திட்டத்தைக் கையிலெடுத்த பிறகே. முடிவெடுக்கும் அதிகாரம் மன்றத்திலிருந்து நியமனக் குழுவுக்கு மாறிய அன்றே வீடும் மாறியது. ஆகவே ஊராட்சி மன்றமும் நகர்மன்றமும் சிறியவை என்று நம் இளைஞர்கள் எண்ணலாகாது. கிராமசபையில் எழுந்து ஒரு கேள்வி கேட்பது, மேடையில் ஆற்றும் நூறு உரைகளுக்கு நிகர்.

இரண்டாவது, எவரும் விரும்பாத தாழ்நிலத்தில் நம்மைக் குடியமர்த்துவர். அந்நிலத்துக்கு விலை ஏறியதும் நகரின் அழகுக்கென்றும் வளர்ச்சிக்கென்றும் சொல்லி நம்மை அகற்ற முனைவர். பட்டா, ஒதுக்கீட்டு ஆணை, வரி ரசீது ஆகிய தாள்களைக் குலதெய்வம்போல் காத்துக்கொள்ள வேண்டும். மாற்று வீடு கையில் வரும்வரை இருக்கும் வீட்டை விடலாகாது.

மூன்றாவது, நமக்குக் கீழே இன்னொருவன் நிற்கிறான் என்று மகிழ்வது நம்மையே அழிக்கும். தீவின் வெள்ளை ஏழையும் வங்காளி ஏழையும் மோதிக்கொண்டதால் இருவர்க்கும் வீடு கூடவில்லை. நம்முள்ளே உட்பிரிவு பேசி, தெருவுக்குத் தெரு பகைமை வளர்ப்போர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும். முன்னுரிமை தேவைக்கு உரியது, பிறப்புக்கு உரியதன்று. இதை மற்றவரிடம் கேட்கும் நாம் நமக்குள்ளும் கடைப்பிடிக்க வேண்டாமா?

நான்காவது, கல்வி. கட்டடக் கலை, நில அளவை, சட்டம், கணக்கியல், நகரமைப்பு ஆகிய துறைகளில் நம் பிள்ளைகள் புக வேண்டும். நம் தெருவின் வரைபடத்தை நம்மவர் ஒருவர் வாசிக்கத் தெரிந்திருந்தால், அதன்மேல் சாலை வரையும் கை சற்றே தயங்கும்.

இலண்டன் செல்லும் நம் இளைஞர்கள் கிங் ஹென்றி சாலையில், இன்று நினைவில்லமாக விளங்கும் அண்ணலின் இல்லத்தைக் கண்டு வணங்கித் திரும்புகின்றனர். அங்கிருந்து கிழக்கே செல்லும் இரயிலேறிப் பாப்ளருக்கும் ஒருமுறை சென்று வருவது நன்று. அவர் நூலகத்தில் அமர்ந்து நிதியியல் பயின்ற அதே நாள்களில், வீட்டுக்காகவும் நீதிக்காகவும் சிறை புகுந்த எளியோரின் தெருக்கள் அவை. கற்பி, ஒன்றுசேர், போராடு என்று அண்ணல் நமக்கு விடுத்த அழைப்பின் பொருளை அத்தெருக்களிலும் கற்கலாம். நம் சங்கம் பொன்விழாக் காணும் நாளில், குடியிருக்கும் மனைக்கு உரிமை இல்லாத குடும்பம் ஒன்றும் நம்மிடையே இல்லை என்று எழுதும் பேறு, அன்று கட்டுரை எழுதுவோர்க்குக் கிட்டுமாக.